காலையில் தல்மூத், மாலையில் மின்சுற்று: தோராவும் பொறியியலும் சேர்த்துப் படிக்கும் யூத மாணவர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெருசலேமில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஜெருசலேம் ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரர், இயற்பியல் ஆராய்ச்சி மாணவர், காலை முழுக்க மதப் பாடசாலையில் இருந்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் லேசர் பக்கம் வருவார். இதை வகுப்பில் ஒருமுறை போகிற போக்கில் சொன்னேன். அன்றிலிருந்து மாணவர்கள் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், யெஷிவா என்றால் என்ன? அங்கே பைபிளை மனப்பாடம் செய்கிறார்களா?

இல்லை. மனப்பாடம் அங்கே முக்கியமே இல்லை. யெஷிவா என்பது ஆண்கள் தல்மூத் படிக்கும் இடம். தோரா என்றால் குறுகிய பொருளில் மோசேயின் ஐந்து நூல்கள். பரந்த பொருளில், அதிலிருந்து கிளைத்த யூதச் சட்டம், விளக்கம், விவாதம் எல்லாமே தோராதான். தல்மூத் அந்த விவாதத்தின் பெரும் தொகுப்பு. அதன் அடிப்படை நூலான மிஷ்னா ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. அதன் மேல் பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய வாதப் பிரதிவாதம் கெமாரா. பக்கத்தின் நடுவில் மூலம் இருக்கும். ஒரு ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஷியின் உரை, மறு ஓரத்தில் அவருக்குப் பின்வந்தவர்கள் எழுப்பிய தடைகளும் விடைகளும். மூலம், உரை, உரைக்கு மறுப்பு என்று பழகிய நமக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

படிக்கும் கூடத்துக்கு பேத் மித்ராஷ் என்று பெயர். அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனால் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வரியைப் படிக்க, மற்றவர் மடக்க, குரல் ஏறிக்கொண்டே போகும். இந்தப் படிப்புத் துணைக்கு ஹவ்ரூத்தா என்று பேர். திருமணமான பிறகும் சிறு உதவித்தொகையோடு முழுநேரம் படிப்பவர்களின் இடம் கொல்லேல்.

மதப்பற்றுள்ள யூதர்கள் எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்களா?

இஸ்ரேலைப் பொறுத்தவரை இரண்டு பெரிய பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். தேசிய மதவாதிகள் என்று சொல்லப்படுகிறவர்கள் பள்ளியிலேயே கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் படிப்பவர்கள்; ராணுவத்துக்கும் போவார்கள். ஹரேதிகள் கடும் மரபுவழியினர். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகப் படங்களில் நாம் பார்ப்பவர்கள். அவர்களுக்குள்ளும் பல கிளைகள் உண்டு. "இரண்டையும் சேர்த்துப் படிப்பது" முதல் பிரிவுக்கு நேரத்தைப் பங்கிடும் வேலை. இரண்டாவது பிரிவு இளைஞனுக்கோ வாழ்க்கையையே திருப்பிப் போடும் முடிவு.

தொழிற்கல்வி பற்றி அவர்களுடைய நூல்களே என்ன சொல்கின்றன?

இதில்தான் எனக்கு ஆச்சரியம். தல்மூதில் கித்துஷீன் என்ற ஒரே பகுதியில் இரண்டு குரலும் கேட்கும். மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது தகப்பன் கடமை என்கிறது ஓரிடம். கற்றுக்கொடுக்காதவன் திருடக் கற்றுக்கொடுத்தவன் மாதிரி என்று ரபி (யூத மத அறிஞர்) யெஹூதா அங்கே சொல்கிறார். நீச்சலும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பாரும் உண்டு. அதே பகுதியின் கடைசியில் ரபி நெஹோராய், உலகத்துத் தொழில்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு என் மகனுக்குத் தோரா மட்டுமே கற்றுக்கொடுப்பேன் என்கிறார்.

இன்னோரிடத்தில் ரபி இஷ்மயேலுக்கும் ரபி ஷிமோன் பார் யோஹாயுக்கும் இதே வழக்கு. உழுகிற காலத்தில் உழு, தோராவையும் படி என்கிறார் முதலாமவர். உழவும் அறுப்புமாகவே போனால் தோரா என்னாவது என்று கேட்கிறார் மற்றவர். அப்புறம் வந்த அபாயே என்ற அறிஞர், இஷ்மயேல் வழியில் போன பலருக்குக் கைகூடியது, ஷிமோன் வழியில் போன பலருக்குக் கைகூடவில்லை என்று முடிக்கிறார். இன்றைக்கு ஜெருசலேம் வீடுகளில் மகன் கல்லூரிக்குப் போகலாமா என்று பேச்சு எழும்போதும் இரு தரப்பும் இதே வரிகளைத்தான் எடுத்துப்போடுகின்றன.

இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரி எப்போது, எப்படித் தொடங்கியது?

நியூயார்க்கில் இருந்து தொடங்கலாம். 1886இல் சிறு பாடசாலையாக ஆரம்பித்த ஒரு நிறுவனம், 1928இல் தன்னோடு கலை அறிவியல் கல்லூரியைச் சேர்த்துக்கொண்டது. 1945இல் அதுவே யெஷிவா பல்கலைக்கழகம் ஆனது. "தோராவும் அறிவும்" என்பது அவர்கள் குறிக்கோள் வாசகம். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரபி சாம்சன் ரஃபயேல் ஹிர்ஷ் "உலக வாழ்வோடு இணைந்த தோரா" என்று இதற்கு ஒரு கொள்கை வடிவமே கொடுத்திருந்தார். இஸ்ரேலில் 1955இல் பார்-இலான் பல்கலைக்கழகம் வந்தது.

ஆனால் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு வீடு கட்டியவர் இயற்பியல் பேராசிரியர் ஸேவ் லேவ். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். திடப்பொருள்களில் காந்த ஒத்ததிர்வு அவருடைய துறை. 1969இல் அவர் ஜெருசலேம் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். ஊரில் அதை மகோன் லேவ் என்றுதான் சொல்வார்கள். மதம் படிக்கும் பையன் பொறியியல் படிக்க வேண்டுமென்றால் பேத் மித்ராஷை விட்டு வெளியே வர வேண்டும் என்ற நிலைமையை அவர் ஏற்கவில்லை. ஒரே வளாகத்தில், ஒரே கால அட்டவணையில் இரண்டையும் வைத்தார். மின்னணுவியல், மின்-ஒளியியல், கணினி என்று வளர்ந்து இன்று பெண்களுக்கும் ஹரேதிகளுக்கும் தனி வளாகங்கள், தனித் திட்டங்களோடு நிற்கிறது.

ஒரு மாணவனின் நாள் எப்படிப் போகும்?

நீளமாகப் போகும். காலைத் தொழுகை, சாப்பாடு, பிறகு மதியம் வரை ஹவ்ரூத்தாவோடு கெமாரா. நடுவில் ரபியின் ஒரு சொற்பொழிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கணிதம், இயற்பியல், நிரலாக்கம், ஆய்வகம் என்று இரவு வரை. வீட்டுப்பாடம் அதற்கு மேல். நம் மாணவர்கள் ஒரு நாளில் படிக்கும் பாடத்தை இவர்கள் அரை நாளில் படிக்க வேண்டும்.

வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளி மாலை ஷபாத் என்ற வாராந்திர ஓய்வு நாள் தொடங்கிவிடும். ஜெருசலேமில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கெல்லாம் மெழுகுவத்தி ஏற்றிவிடுவார்கள். அதன்பின் சனிக்கிழமை இருட்டும்வரை மடிக்கணினி இல்லை, கைப்பேசி இல்லை, பேனா எடுத்து எழுதுவதுகூட இல்லை. திங்கட்கிழமை தேர்வு என்றாலும் அதே கதைதான். என் பக்கத்து மேசைக்காரரிடம், "அந்த ஒரு நாள் போகிறதே, கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். "அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாள் என்னால் முடியாது" என்றார். முதல் சில மாதம் அது எனக்குப் புரியவில்லை. அப்புறம் நானும் சனிக்கிழமைகளில் கணினியைத் திறப்பதை விட்டுவிட்டேன்.

பள்ளியில் கணக்கே படிக்காதவர்கள் எப்படிப் பொறியியல் படிக்க முடியும்?

இருப்பதிலேயே கனமான கேள்வி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான ஹரேதிச் சிறுவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதோடு கணக்குப் பாடம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் அநேகமாகத் தொடங்குவதே இல்லை. அதன்பின் நாள் முழுக்க தல்மூத். இருபத்து மூன்று, இருபத்தைந்து வயதில், மனைவியும் குழந்தைகளும் வந்தபின், இவர்களில் ஒருவர் பொறியியல் படிக்க நினைத்தால் முதலில் மெஹினா என்ற ஆயத்தப் படிப்பில் சேர வேண்டும். மற்றவர்கள் பள்ளியில் பல வருடம் படித்ததை அவர் ஏறக்குறைய ஒரே வருடத்தில் கடக்க வேண்டும்.

என் வீட்டு மாடியில் அப்படி ஓர் இளைஞர் குடியிருந்தார். வயது இருபத்தாறு, இரண்டு குழந்தைகள். மெஹினாவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் கணக்கு தெரிந்தவன் என்று கேள்விப்பட்டு இரவு பத்து மணிக்குப் புத்தகத்தோடு கதவைத் தட்டினார். என் உடைந்த எபிரேயமும் அவருடைய நாலு ஆங்கிலச் சொற்களும்தான் பாலம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பது அவர் கேள்வி. விதி அப்படி என்றேன். அவர் விடவில்லை. "மினாலன்?" என்று கேட்டார். "இது நமக்கு எங்கிருந்து தெரியும்?" என்று பொருள், கெமாராவில் பக்கத்துக்குப் பக்கம் வரும் அரமேயச் சொல். பங்கீட்டு விதியிலிருந்து தொடங்கி, வேறு வழியே இல்லை, மிகையாகத்தான் இருக்க வேண்டும் என்று காட்டுவதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. புரிந்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார். நான் இத்தனை ஆண்டு பாடம் எடுத்ததில் அந்தக் கேள்வியை அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆனால் அந்த ஒரே ஒரு விதிக்கு இரண்டு மணி நேரம் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் முப்பது கணக்கு காத்திருந்தது. அவருடைய பலமும் சிக்கலும் ஒரே இடத்தில் இருந்தன. கூர்மையான புத்தி உண்டு, மணிக்கணக்கில் உட்காரும் பழக்கம் உண்டு. கை பழகுவதற்கு வேண்டிய நேரம் மட்டும் இல்லை. ஹரேதி ஆண்கள் இடையில் நின்றுவிடும் விகிதம் மற்ற மாணவர்களைவிட மிக அதிகமாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். அதோடு ஆங்கிலம், வீட்டு வாடகை, குழந்தைகள்.

என் கருத்தைக் கேட்டால், சிறுவனுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கொடுக்காமல் வளர்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். அந்தச் சமூகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் இதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

தல்மூத் படிப்பு பொறியியலுக்கு உண்மையிலேயே உதவுமா? பெருமைக்குச் சொல்கிறார்களா?

எல்லாவற்றுக்கும் உதவும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். வகை நுண்கணிதத்தை அது கற்றுத்தராது. ஆனால் ஒரு கூற்றை எல்லைவரை இழுத்துப் பார்ப்பது, இரண்டு தீர்ப்புகள் முரண்பட்டால் அவற்றுக்குப் பின்னால் பொதுவான ஒரு விதி இருக்கிறதா என்று தேடுவது, இதெல்லாம் அங்கே தினசரி வேலை. இதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு.

கெத்துபோத் என்ற பகுதியில் ஒரு வழக்கு. ஒருவன் மூன்று மனைவியரை விட்டு இறந்துபோகிறான். திருமண ஒப்பந்தப்படி அவர்களுக்கு முறையே 100, 200, 300 சூஸ் (அக்கால வெள்ளி நாணயம்) சேர வேண்டும். சொத்து அவ்வளவு இல்லை. சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம் என்கிறது மிஷ்னா. 300 என்றால் 50, 100, 150. அதாவது உரிமைக்கேற்ற விகிதம். 200 என்றால் 50, 75, 75. இது சமமும் இல்லை, விகிதமும் இல்லை. உரையாசிரியர்கள் பல நூற்றாண்டு இதோடு மல்லுக்கட்டினார்கள்.

ராபர்ட் அவுமன் என்ற கணிதவியலாளர், மதப்பற்றுள்ள யூதர், 2005இல் பொருளியல் நோபல் பெற்றவர். யெஷிவாவில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன்தான் இந்தப் பகுதியை அவரிடம் எடுத்துக்காட்டினார். அந்த மகன் 1982 லெபனான் போரில் இறந்துவிட்டார். 1985இல் அவுமனும் மைக்கேல் மாஷ்லரும் விடையை வெளியிட்டார்கள்.

சாவி தல்மூதின் வேறொரு இடத்தில் இருந்தது. இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். முழுதும் என்னுடையது என்கிறான் ஒருவன், பாதி என்னுடையது என்கிறான் மற்றவன். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால் என்று தீர்ப்பு. மற்ற பாதியில் இரண்டாமவனுக்கு வழக்கே இல்லை. அது முதலாமவனுக்குப் போய்விடுகிறது. வழக்குள்ள பாதியை மட்டும் இரண்டாக்குகிறார்கள். இப்போது 50, 75, 75ஐப் பாருங்கள். 100 கேட்பவளும் 200 கேட்பவளும் சேர்ந்து பெறுவது 125. அதில் 100 கேட்பவளுக்கு 25இல் வழக்கு இல்லை, அது மற்றவளுக்கு. மிச்சம் 100ஐப் பாதியாக்கினால் 50, 75. எந்த இருவரை எடுத்தாலும், மூன்று சொத்து அளவிலும், இதே விதி பொருந்துகிறது. மூன்று பேருக்கும் இப்படிப் பொருந்தும் பங்கீடு ஒன்றே ஒன்றுதான் என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். இதை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மகனின் நினைவு வரும்.

பரிணாமம், பெருவெடிப்பு இதெல்லாம் படிக்கும்போது மோதல் வராதா?

சிலருக்கு வரும். மின்சுற்றும் நிரலாக்கமும் படிப்பவர்களுக்கு அந்தப் பேச்சு அவ்வளவாக எழாது. இதற்குப் பழைய முன்மாதிரியும் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிதிஸ், புதுப்பிறை எப்போது தெரியும் என்று கணக்கிடும் முறையைத் தன் சட்டத் தொகுப்பிலேயே விரிவாக எழுதினார். இந்தக் கணக்குக்கான ஆதாரங்கள் கிரேக்கர் நூல்களில் இருப்பவை, தெளிவாக நிறுவப்பட்ட ஒன்றைச் சொன்னது இறைவாக்கினரா அந்நியரா என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் நிலை. 20ஆம் நூற்றாண்டில் ரபி கூக், பரிணாமக் கருத்து கபாலா என்ற யூத மறைஞான மரபின் ஆழத்துக்கு ஒத்துப்போகிறது என்றே எழுதினார். ஏற்காத ரபிகளும் நிறைய உண்டு.

மதச் சட்டமே பொறியியல் பிரச்சினை ஆவதுண்டா?

உண்டு. ஷபாத்தில் விளக்கைப் போடக் கூடாது, ஆனால் மருத்துவமனையும் மின்தூக்கியும் நிற்க முடியாது. ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று தானே கிளம்பும் ஷபாத் மின்தூக்கி அப்படி வந்ததுதான். செயலுக்கும் விளைவுக்கும் நடுவே நேரடித் தொடர்பு இல்லாதபடி மின்சுற்றை அமைக்கும் கிராமா என்ற முறையும் இருக்கிறது. ட்ஸோமெத் போன்ற நிறுவனங்களில் ரபிகளும் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள்.

கணினித் துறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ரபிகள் நூற்றாண்டுகளாக எழுதிய தீர்ப்புக் கடிதங்களைக் கணினியில் ஏற்றித் தேடும் திட்டத்தை 1963இல் கணிதவியலாளர் அவியேஸ்ரி ஃப்ரென்கெல் தொடங்கினார். பின்னர் பார்-இலானில் யாகோவ் ஷுவேகா அதை வளர்த்தார். எபிரேயச் சொற்களில் முன்னொட்டும் பின்னொட்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு சொல்லைத் தேடினால் அதன் எல்லா வடிவங்களும் கிடைக்க வேண்டும். முழு உரைத் தேடலில் உலகின் ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. 2007இல் அதற்கு, அந்நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசு கிடைத்தது. ஒட்டுநிலை மொழியான தமிழில் தேடுபொறி எழுத நினைப்பவர்கள் அந்த வேலையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெண்கள்?

ஹரேதிப் பெண்பிள்ளைகளுக்குப் பையன்களைவிட அதிகமாகக் கணக்கும் ஆங்கிலமும் கிடைக்கின்றன. 1917இல் க்ராக்கோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண் தொடங்கிய பேத் யாகோவ் பள்ளிகளின் வழி வந்தவர்கள் இவர்கள். கணவர் கொல்லேலில் படிக்க, வீட்டைத் தாங்குவது பல வீடுகளில் மனைவிதான். முன்பு ஆசிரியை வேலை. 2000களிலிருந்து மென்பொருள். ரபி ஓவதியா யோசேஃபின் மகள் அதினா பார்-ஷாலோம் ஜெருசலேமில் ஹரேதிகளுக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கி நடத்தி, 2014இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். நான் பார்த்தவரை, இந்த மாற்றத்தின் பாரத்தைச் சுமப்பது பெண்கள்தான். வீடு, குழந்தைகள், வேலை, பட்டம் நான்கும் அவர்கள் தலையில்.

ஆண் பெண் தனி வகுப்புகளை அரசு அனுமதிக்கிறதா?

ஹரேதி மாணவர்களுக்கு மட்டும், வகுப்பறைக்குள் மட்டும். 2021இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஆனால் நூலகம், நடைபாதை போன்ற பொது இடங்களைப் பிரிக்கக் கூடாது, ஆண்கள் வகுப்பில் பெண் ஆசிரியர் பாடம் எடுப்பதைத் தடுக்கக் கூடாது என்றது. பெண் விரிவுரையாளர்கள் போராடிப் பெற்றது அது. அந்தப் பகுதி சரியான தீர்ப்பு.

பிறகு ஏன் ஹரேதித் தலைவர்கள் பலர் கல்லூரிப் படிப்பை எதிர்க்கிறார்கள்?

அவர்கள் பயத்துக்கு வரலாறு உண்டு. 1803 வாக்கில் உருவாகி, யெஷிவாக்களுக்கெல்லாம் தாயாக விளங்கிய வோலோஷின் யெஷிவாவில் உலகியல் பாடங்களைப் புகுத்த ரஷ்ய அரசு நெருக்கியது. 1892இல் அது மூடப்பட்டது. மதச்சார்பற்ற கல்விக்குள் போன ஒரு தலைமுறை திரும்பி வராததையும் அவர்கள் பார்த்தார்கள். பெரும் படிப்புக் கூடங்கள் ஹோலோகாஸ்ட் என்ற நாஜிகளின் யூத இனப்படுகொலையில் அழிந்தபின், மிஞ்சியதைக் காக்க முழுநேரப் படிப்பையே வேலியாகக் கட்டினார்கள்.

ராணுவமும் இதில் சேர்ந்துகொண்டது. 1948இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியோன் 400 யெஷிவா மாணவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார். "தோராவே அவன் தொழில்" என்பது நிபந்தனை. எண்ணிக்கை பல்லாயிரமாக வளர்ந்தது. வேலைக்கோ கல்லூரிக்கோ போனால் விலக்கு போய்விடும் என்பதால் பலர் படிக்கும் வயதைத் தாண்டும்வரை காத்திருந்தார்கள். 2024 ஜூனில், இந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சண்டை ஓயவில்லை.

வேலைக்குப் போனபின் தோரா படிப்பு நின்றுவிடுமா?

தினம் ஓர் ஏடு என்ற முறை இருக்கிறது, தஃப் யோமி. 1923இல் ரபி மேயிர் ஷபீரோ தொடங்கியது. பாபிலோனிய தல்மூதின் 2,711 ஏடுகளை உலகம் முழுக்க எல்லோரும் ஒரே நாளில் ஒரே ஏடாகப் படித்துவந்தால் ஏழரை ஆண்டில் முடியும். இப்போதைய சுற்று 2020 ஜனவரி 5இல் தொடங்கியது. 2027 ஜூனில் முடியும். ரயிலில், மதிய இடைவேளையில், அலுவலகக் கூட்ட அறையில் படிப்பார்கள்.

மாடி வீட்டு இளைஞர் மெஹினாவை முடித்துவிட்டார். இப்போது மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு. போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மின்காந்தவியலின் காஸ் விதியில் ஒரு சந்தேகமாம். முதல் சொல் "மினாலன்?"